குண்டு பல்புக்கு நான் நடத்திய வழியனுப்பு விழா

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவன் முதலில் சொந்த அக்கா வீட்டில்தான் கைவைப்பான். மற்றவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் காரணம். நானும் அப்படித்தான் கைவைத்தேன். அந்தக் கையை இன்றுவரை என் அக்கா வீட்டில் யாரும் நம்புவதில்லை.

அப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எந்த மோட்டார் எவ்வளவு கரண்டை வீணாக்குகிறது என்று பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் வீணாகவே தெரியத் தொடங்கியது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்க மாட்டேன். சீரியல் விளக்குகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். (சொந்தக்காரர்கள் பலர் எனக்குப் பத்திரிகை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.) என் முதல் எதிரி குண்டு பல்பு. தின்கிற கரண்டில் கொஞ்சத்தைத்தான் வெளிச்சமாகத் தருகிறது, மிச்சத்தையெல்லாம் சூடாக்கி வீணடிக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்வேன்.

இந்த ஆவேசத்தில்தான் மின்சிக்கனத்துக்கும் சூரிய, காற்று மின்சாரத்துக்கும் தமிழ்நாடு முழுமைக்கும் ஓர் அமைப்பு தொடங்குவது என்று முடிவெடுத்தேன். பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும். மாவட்டம் மாவட்டமாகப் போனில் பேசி ஆறு பேரைச் சேர்த்துவிட்டேன், ஏழாவது நான். அவர்களில் மூத்தவர் மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். தலைவராக இருக்க அவரும் சம்மதித்திருந்தார்.

தொடக்க விழாவைக் கோவையில் ஒரு நல்ல ஹாலில் நடத்தியிருக்கலாம். ஆனால் அமைப்பு மண்ணிலிருந்து முளைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். கிணத்துக்கடவு பக்கம் அக்காவின் தோட்டத்தைக் கேட்டேன். "நீ கேட்டு நான் எப்பச் சாமி இல்லீன்னு சொல்லீருக்கறேன்?" என்றாள் அக்கா.

அவள் அந்தச் சமயத்தில்தான் புதிதாகக் கோழிப்பண்ணை போட்டிருந்தாள். தென்னையே போதும் என்றார் மச்சான். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றது ஊர். யார் பேச்சையும் கேட்காமல் கொட்டகையைக் கட்டிவிட்டாள். குஞ்சும் தீனியும் கோழிக் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. முதல் ஈட்டை, அதாவது முதல் தடவை இறக்கும் குஞ்சுகளை, சரியாக வளர்க்காவிட்டால் அடுத்த ஈடு வராது, கொட்டகையில் தேங்காய்மட்டைதான் அடுக்க வேண்டும். அந்த முதல் ஈட்டுக் குஞ்சுகள் விழாவுக்கு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தன.

ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றும் சாரலுமாக அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் விருந்தினர்களை அழைத்துவர கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சமையல் அடுப்பை விட்டு நகரவில்லை. நான் மட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். வட்ட வட்டமாகத் தகரத் தடுப்பு. ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே ஒரு தகரக் குடை. குடைக்குள்ளே பட்டப்பகலில் குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன! மின்சிக்கன அமைப்பு பிறக்கப்போகும் தோட்டத்திலேயே!

எனக்கு ரத்தம் கொதித்தது. விருந்தினர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஓர் அட்டைப்பெட்டி நிறைய எல்இடி பல்பு வாங்கி வந்திருந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றினேன். (சொல்லிவிட்டுச் செய்தால் அதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?) கொட்டகை பளிச்சென்று ஆனது. குஞ்சுகள் அண்ணாந்து பார்த்துக் கீச்சுக் கீச்சென்று கத்தின. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கழற்றிய பல்புகளை ஒரு கூடையில் போட்டு, மேடை மேஜையில் வைத்து, அதற்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டுவிட்டேன். விழாவின் முடிவில் பேராசிரியர் கையால் அவற்றுக்கு வழியனுப்பு நடத்துவதாகத் திட்டம்.

மேடைக்குப் போகும்முன் மறுபடியும் கொட்டகையில் தலையை நீட்டினேன். குஞ்சுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, குவியலாக நின்றன. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேச்சுக்கு நல்ல ஓர் உவமை கிடைத்துவிட்டதே!

விழா ஆரம்பித்தது. பந்தலில் ஊர்க்காரர்கள், முன்வரிசையில் பொன்னாடை போர்த்திய ஆறு பேர். மைக்கைப் பிடித்தேன். பூமி சூடாவதில் தொடங்கி மெல்ல அக்கா தோட்டத்துக்கு வந்தேன்.

"காலையில் இங்கே ஒரு காட்சி பார்த்தேன். கோழிக்குஞ்சுகள் எவ்வளவு ஒற்றுமையாக, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, ஒரே குவியலாக நிற்கின்றன! தமிழ்நாட்டில் நாமும் அப்படி ஒன்றுசேர வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. பந்தலின் ஓரத்தில் ரசக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை.

"குவியலாவா நிக்குது?" என்று அங்கிருந்தே கேட்டாள். "தம்பி, குஞ்சு குவிஞ்சு நின்னா குளிருதுன்னு அர்த்தம். பல்பு எரியுதில்ல?"

"எரியுதுக்கா. எல்லாம் புது பல்பு. துளி சூடு கிடையாது!" என்று மைக்கிலேயே பெருமையோடு அறிவித்தேன்.

அக்கா மேடையைப் பார்த்தாள். மாலை போட்டுக்கொண்டு கூடைக்குள் இருந்த தன் பல்புகளைப் பார்த்தாள். "அய்யோ, அந்தச் சூடுதான் சாமி வேணும்!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. கரண்டியை வீசிவிட்டு மேடையேறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாலை வழியிலேயே விழுந்தது.

அதன்பிறகு நடந்ததை விழா என்று சொல்ல முடியாது. மச்சான் ஓட, நான் ஓட, பின்னாலேயே மாநில அமைப்பின் நிறுவன உறுப்பினர்கள் ஆறு பேரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே குவியலின் மேலே இருந்த குஞ்சுகள் நடுங்கின. அடியில் இருந்தவை அசையவில்லை. அக்கா இரண்டு கையாலும் குவியலைப் பிரித்துப் பிரித்து விட்டாள். நானும் மச்சானும் பழைய பல்புகளை மாட்டினோம். ஆறு பேரும் போர்த்தியிருந்த பொன்னாடைகளில் குஞ்சுகளை வாரிக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கண்ணாடியில் ஒரு குஞ்சு எச்சம் போட்டது. அவர் துடைக்கவில்லை, கை ஒழியவில்லை.

குடைக்கடியில் சூடு ஏற ஏறக் குஞ்சுகள் மெல்ல விலகி நடக்க ஆரம்பித்தன. குண்டு பல்பின் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் ஊரெல்லாம் வீண் என்று சொல்லித் திரிந்த சூட்டில்தான் அவற்றின் உயிர் இருந்தது.

எல்லாம் பிழைக்கவில்லை. தென்னைமரத்தடியில் குழி தோண்டி நானே புதைத்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கேட்டிருந்தாச் சொல்லீருப்பனே தம்பி" என்றாள். அவ்வளவுதான். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அழுதேன்.

பேராசிரியர் பதிவுப் பத்திரத்தைக் கொட்டகைக்கே கொண்டுவரச் சொன்னார். மதுரைக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் அதைக் கிழித்தெறிவாரோ என்று பயந்தேன். தீனி மூட்டைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஊர்ல போயி சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டாய்ங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். மற்றவர்களும் போட்டார்கள். அந்தப் பத்திரத்தின் மூலையில் குஞ்சு எச்சம் பட்டு மஞ்சளாக ஒரு கறை இருக்கும். பதிவு அலுவலகத்தில் அது மங்கலத்துக்காக வைத்த மஞ்சள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு அடுத்த ஈடு வந்தது. மிஞ்சிய குஞ்சுகளைக் கண் கொட்டாமல் பார்த்து வளர்த்து அவள் வாங்கிய ஈடு அது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. அமைப்பும் வளர்ந்தது. இப்போது மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போய் மின்செலவைக் குறைக்க வழி சொல்கிறோம். போகிற இடத்திலெல்லாம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது எதுக்குங்க இங்க இருக்குது?" என்று கேட்பேன். பணிவு என்று நினைக்கிறார்கள். பயம்தான்.

போன வருஷம் அக்கா கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு போட்டாள். சுவிட்சை நான்தான் போட வேண்டும் என்று சொல்லி வரவழைத்தாள். சொந்தமெல்லாம் கூடி நிற்க, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முடிந்தது. என் கண் கலங்கிவிட்டது. மெல்லக் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் நில்லுங்க மாப்ளே" என்றார் மச்சான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "உள்ள போயி குஞ்சுகள மொதல்ல ஒருக்கா எண்ணிப்போட்டு வந்தர்றேன்."

நிஜமாகவே உள்ளே போனார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்காதான் அதிகம் சிரித்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் எண்ணி முடித்து வரும்வரை நின்றேன்.