ஒரே வாய்

மனித குலத்தின் முதல் சாதனை நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, 1971-ல் அடையாற்றில் எங்கள் இடமாறுதல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம்.

ஆசிரியைகளின் இடமாறுதலை இனி மனிதர்கள் தீர்மானிக்க மாட்டார்கள் என்று அறிவித்தோம். ஆளுக்கு ஒரு துளை அட்டை; பெயரும் ஊரும் அதில் ஓட்டைகளாகக் குத்தியிருக்கும். எல்லா அட்டைகளும் ஒரே கட்டாக, ஒரே வாய் வழியாக உள்ளே போகும். சிபாரிசு சொல்ல அந்த வாய்க்குப் பக்கத்தில் காது கிடையாது.

முதல் வருஷம் நானூறு பேர் விண்ணப்பித்தார்கள். பட்டியலில் இருநூறு பெயர்தான் வந்தது. 'மற்றவர்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதி ஃபைலை மூடினோம். புரோகிராம் பார்க்கும் கிச்சா மட்டும் ஓடி வந்தான்.

"சார், புரோகிராம்ல ஒரு பகுதி அட்டையிலேர்ந்து பேரைப் படிக்கறது. காலியிடம் பார்க்கற பகுதியும் அதே வாய்லேர்ந்தே எடுத்துக்கறது. அடுத்தவா அட்டையைக் காலியிட விவரம்னு நெனச்சுண்டு முழுங்கிடறது. ரெண்டு, நாலு, ஆறுன்னு நிக்கறவா அத்தனை பேரும் அம்பேல்!"

"சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"அரை நாள் சார்."

"அரை நாள் வேலைக்கு எப்படிய்யா கமிட்டி போடறது?"

இருந்தாலும் போட்டோம். நான்கு கூட்டம், போண்டா, காபி. 'டெல்லி அங்கீகரித்த புரோகிராமில் கை வைப்பது ஒழுங்கீனம்' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கிச்சாவைத் தபால் பிரிவுக்கு மாற்றினோம். அந்த இடமாறுதலுக்கு அட்டையே தேவைப்படவில்லை.

மூன்றாம் வருஷம் நஸ்ருன்னிசா டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். அவருக்கு வேலை தர்மபுரியில். குழந்தை மயிலாப்பூரில், மாமியாரிடம்.

"மூணு வருஷமா எழுதிப் போட்டுக்கினே இருக்கேன் சார். லீவுல வந்தா என் பொண்ணு என்னைப் பார்த்து, 'இவங்க யாரு?'ன்னு கேக்குது. உங்க மச்சினிச்சிக்கு மட்டும் ஒரே வருஷத்துல தி.நகர் எப்படி சார் கெடச்சுது?"

"எல்லாம் கம்ப்யூட்டர் முடிவும்மா. அதுக்கு ஆள் தெரியாது."

"மெஷின் மேல கோவிச்சுக்கினு இன்னா சார் பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் சொன்னது சத்தியம். கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. ஆள் தெரிந்த ஒருவர் அவசியம் என்பதால்தான், யார் அட்டை முதலில், யாருடையது இரண்டாவது என்று அடுக்கும் பொறுப்பை, மூன்று வருஷமாக வேறொருவரையும் தொடவிடாமல் நானே சுமந்து வருகிறேன்.