பால்கனிக்கு லோடு ஏற்றியவர்

ஒரு பங்களாவுக்குச் சக்கரம் மட்டும் மாட்டாமல் விட்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பாடிக்காரர்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டியே தலை நரைத்தவர். ராசிபுரம் பக்கத்தில், விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டி, பிறகு வௌவால்கள் குடியிருந்த பங்களாவை வாங்கிப் புதுப்பித்து, குடும்பத்தோடு ஹோட்டல் நடத்துகிறார். சமையல் அவர் சம்சாரம், வரவேற்பு மகன், அறைகளைப் பார்த்துக்கொள்வது சம்பளத்துக்கு வந்த நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. கேஸை மூடினேனா, துரை காலத்துக் கண்ணாடியில் காக்கா மோதுமா என்று ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

பாடிக்காரருக்கு அந்த வியாதியே கிடையாது. மரவேலைக்குத் தன் பட்டறை ஆசாரிகளையே இறக்கினார். ஜன்னல்களுக்கு லாரிப் பின்கதவுக் கொக்கி. துரையின் தேக்குக் கட்டிலுக்குக் கருங்கல் லோடு தாங்குகிற போல்ட்டு நட்டு. மாடிப்படி ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூ. சாப்பாடு தயார் என்று சொல்ல ஏர் ஹார்ன்! முதல் நாள் அது அலறியதில், பெங்களூர்க்காரர் ஒருவர் பாதிச் சவரத்தோடு தோட்டத்தில் போய் நின்றார்.

"ஏனுங்க, ஒரு மணி வாங்கி மாட்டலாமுங்களே?" என்றேன்.

"மணியடிச்சா கோயில்னு கும்புடு போட்டுட்டு நிப்பாங்க அம்மிணி. ஹார்ன் அடிச்சாத்தான் நகருவாங்க."

நகர்வதற்கு ஆட்கள் வர வேண்டுமே. பாதி அறைகள் காலி. அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு டிராவல்ஸ் மேடம் பார்வையிட வந்தார். அவருக்குப் பிடித்தால் கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புவார். பிடிக்காவிட்டால்?

"கோழிக் கூண்டை எறக்கிப் பங்களாவப் பண்ணையாக்கிப்போடுவேனுங்க்கா" என்றான் மகன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடத்துக்கு எல்லாம் பிடித்தது, ஹார்ன் உட்பட. மாடியின் மர பால்கனியை அண்ணாந்து பார்த்ததும்தான் முகம் மாறியது.

"ரொம்பப் பழசா இருக்கே சார். பத்துப் பேர் நின்னா தாங்குமா? இன்ஜினீயர் சர்டிபிகேட் இருக்கா?"

"அதெதுக்குங்க? அடிச்சட்டமெல்லாம் நாங்க மாத்திக் கட்டுனதுங்க. லோடு ஏத்திப் பாத்துப்போடலாமுங்க."

அவர் பட்டறையில் அதுதான் வழக்கம். புது பாடியை லோடு ஏற்றிப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார். ஹார்னை அமுக்கினார். சம்சாரம், மகன், மருமகள், விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி, ஆசாரிகள், பால்காரர் எல்லோரும் ஓடி வந்தார்கள். அத்தனை பேரையும் பால்கனியில் ஏறச் சொன்னார்; நான் மேடத்தோடு கீழே நின்றேன்.

"ஏனுங்க, நானுமா ஏறோணும்?" என்றார் சம்சாரம்.

"உன்னய வுட்டா லோடு கொறையுமல்லோ?"

"எறங்கி வந்து பேசிக்கறேன், இருங்க!"

ஆட்கள் போதாதென்று மாட்டுத் தீவன மூட்டைகளும் ஏறின. "குதிங்க எல்லாரும்!" என்றார். சம்பந்தி வேட்டியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பால்கனி கிறீச்சென்றது. என் நெஞ்சும்தான்.

பாடிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து, பால்கனிக்கு நேர் கீழே போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "கட்டுனவன் அடியில உக்காரோணுமுங்க மேடம். இதுதான் எங்க பட்டறை சர்டிபிகேட்."

மேலேயிருந்து மகன் கத்தினான்: "அப்பா, எந்திரிங்க!"

அவர் அண்ணாந்து பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "இது உழுந்தா இந்த ஊடே எனக்கு வேண்டாஞ் சாமி. நீ கோழியே வளத்திக்க."

மறுபடி கிறீச். எப்படியென்று தெரியவில்லை, சமையலறை முக்காலி என் கையில் இருந்தது. அதை அவர் பக்கத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"போதும் சார்! எல்லாரையும் இறக்குங்க!" மேடம் சிரிப்பும் நடுக்கமுமாய்ச் சொன்னார். "ஒரு இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். என் ஆட்களை இங்கதான் அனுப்பப் போறேன்."

மேலே கைத்தட்டல். பாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, கரப்பானுக்கே ஊரைக் கூட்டற ஆளு நீயி. இங்க எதுக்கு வந்து உக்காந்த?"

"நீங்க தனியா உக்காந்திருந்தீங்க, அதானுங்க" என்றேன்.