கோபன்ஹேகனில் கிழக்கு எந்தப் பக்கம்?

மாமனாரிடம் "எனக்கு வழி தெரியாது" என்று ஒப்புக்கொண்ட மாப்பிள்ளை எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் காலில் விழுகிறேன். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

கல்யாணமாகி முதல் வருடம். எனக்குக் கோபன்ஹேகனில் வேலை. மகளைப் பார்க்க வேதாரண்யத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். உப்பளக்காரர், அதிகம் பேசாதவர். பத்து நாளில் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: அரண்மனை வாசலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய்கள் காவல் மாறுவார்களாமே, அதைப் பார்க்க வேண்டும். அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்ட புண்ணியவான் நான். மறுநாள் காலை அவருக்கு விமானம்.

"மேப் பாத்துப் போங்க" என்றாள் மனைவி. (கேட்டேனா?) ஊர் நடுவே கால்வாய்க்கரைக்கு வந்தபோது குளிரில் போன் அணைந்துவிட்டது. வானம் முழுக்க மேகம், சூரியனையே காணோம். அரண்மனை கிழக்கே, கடலோரம் என்பது மட்டும் நினைவிருந்தது.

நான் திருவையாற்றுக்காரன். எங்கள் பக்கம் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு எல்லாமே கிழக்கே ஓடுபவை. திசை குழம்பினால் தண்ணீரைப் பார்த்தால் போதும். எட்டிப் பார்த்தேன். காய்ந்த இலை ஒன்று வலப்பக்கமாக மிதந்து போனது.

"தண்ணி போற பக்கந்தான் கிழக்கு. வாங்க மாமா."

மாமனார் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

நடந்தோம், நடந்தோம். அழகான வீடுகள் போய்க் கிடங்குகள் வந்தன. "இதெல்லாம் அரண்மனையைச் சேர்ந்த கட்டடங்க மாமா" என்று கூசாமல் விளக்கினேன். எங்கோ மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது எங்கள் எதிரே வரிசையாக நின்றவை குப்பை லாரிகள்.

திரும்பி வரும் வழியில் மாமனார் நின்றார். "மாப்பிள்ளை, இப்ப தண்ணி அந்தப் பக்கமா போவுதுங்க."

போனது! என் கிழக்கு இப்போது மேற்காகியிருந்தது. அவர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "கடத்தண்ணிங்க. காத்து திரும்புனா இதுவும் திரும்பும். எங்க ஊர்ல தெனமும் பாக்குறதுதான்."

"காலையிலயே தெரியுமா மாமா?"

"வாசனையிலயே தெரிஞ்சிதுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"மாப்பிள்ளை பேச்ச மறுத்துப் பேசக் கூடாதுங்களே."

வழியெல்லாம் கேட்டுக் கேட்டு அரண்மனைக்கு வந்தபோது மணி இரண்டு. ஒற்றைச் சிப்பாய் அசையாமல் நின்றான். மாமனார் அவனையே அரைமணி நேரம் பார்த்தார். வீட்டில் மகளிடம், "எல்லாம் பாத்தாச்சும்மா, பிரமாதம்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார். தங்கமான மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன்.

இரண்டு வருடம் கழித்துத் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். "கிழக்கு பார்த்து உட்காருங்கோ" என்றார் குருக்கள். மாமனார் உட்காரவில்லை. தண்ணீர்ச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஊத்திப் பாத்து, கிழக்கு எதுன்னு சொல்லுங்க."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், என் மனைவி உட்பட. வேதாரண்யம் முழுக்க எனக்குக் 'கிழக்கு மாப்பிள்ளை' என்று பெயர் என்பது அன்றுதான் தெரிந்தது. குருக்கள் ஒருவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தாலி கட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொன்னார் மாமனார்.