டிவியில் ஓர் ஊதாக் கறை

செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் வீட்டிலுள்ள நல்ல பொருட்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்துவிட வேண்டும்.

நான் குஜராத்தில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சி செய்கிறேன். சூரியனில் எரியும் நெருப்பை இயந்திரத்துக்குள் உண்டாக்கி, எந்தப் பாத்திரமும் தாங்காது என்பதால் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் வேலை. என் பங்கு, அதில் வேகமெடுத்து ஓடும் எலக்ட்ரான்கள். (பிடி நழுவினால் இயந்திரத்தின் சுவரையே ஓட்டை போட்டுவிடும்.)

முகையூரில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பயிர் போடும் அப்பா, சிறுநீரகம் கெட்டு, விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்து, ஒரு கட்டத்தில் போதும் என்று படுத்துவிட்டார். லீவு போட்டு ஓடிவந்த என்னிடம் அவர் சொன்னது ஒரே ஓர் ஆசைதான்.

"திண்டிவனத்துலேர்ந்து எங்க அக்கா வருது. உன் பொண்ணு கல்யாணம் கட்டாம அங்க என்னா பண்ணிக்கினு கீறான்னு கேக்கும். இந்த வாட்டியாவது நான் பதில் சொல்லணும்மா."

அத்தை வந்தார், கேட்டார். நான் ஆரம்பித்தேன்.

"மொளக்குச்சில கட்டின மாடு சுத்திச் சுத்தி வருதில்லப்பா, அந்த மாதிரி எலக்ட்ரானக் காந்தம் சுத்த வெக்கும். கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாத கயித்துக்கு இம்மாம் படிப்பா?" என்றார் அத்தை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்செட் வைத்திருக்கும் அண்ணன், கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிப் போட்ட பெரிய காந்தம் மூலையில் கிடந்தது. எங்கள் வீட்டில் இன்னும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவிதான். அதன் திரையில் படம் வரைவது எலக்ட்ரான்கள். காந்தத்தைத் தூக்கித் திரையில் வைத்தேன். சீரியல் கதாநாயகியின் முகம் கோணி, பல வண்ணத்தில் சுழன்றது. அப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்!

காந்தத்தை எடுத்தேன். முகம் திரும்பி வந்தது. ஒரு கன்னம் மட்டும் ஊதாவாகவே நின்றது.

"ஆஃப் பண்ணிப் போட்டா போயிடும்" என்றேன், விஞ்ஞானி தோரணையில். போட்டேன். போகவில்லை.

"குஜராத்துல இன்னும் எத்தினி டிவிய ஒழிச்சாளோ!" என்றார் அத்தை.

இருமல் வந்து அம்மா முதுகை நீவிவிடும்வரை அப்பா சிரித்தார். "எவ்ளோ நேரம்மா புடிச்சு வெப்பீங்க?"

"எங்க மெஷின்ல ஒரு நொடி கூட வராதுப்பா."

"அதுக்கா அம்மாந்தொலவு போன?" என்றவர், அத்தை பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியாக்கா? என் பொண்ணு, ஓடறத புடிச்சு வெக்கிறா."

அந்த வாரமே அப்பா போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் படிப்பு எதற்கும் உதவவில்லை என்று அன்று அழுத அழுகை இன்னும் முழுதாக ஓயவில்லை.

அண்ணன் புது டிவி வாங்கியும் அம்மா பழையதைத் தூக்கிப்போட விடவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் ஒரு கன்னம் ஊதா. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா டிவியைப் போட்டுக் காட்டிவிடுவாள்.

லீவு முடிந்து கிளம்பும்போது, விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். ரயில் ஊதும். விடமாட்டாள்.

"எவ்ளோ நேரம்டி புடிச்சு வெப்பீங்க?"

"ஒரு நொடி கூட வராதும்மா" என்பேன். சிரித்துக்கொண்டே விடுவாள்.