மூன்று பேர் நின்ற படம்

படத்தை இன்றைக்கு எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்பது சூசைமாணிக்கத்துக்கு மறந்துபோனது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்று நினைவு வருவதற்குள், கோயில் வாசலில் படம் உபதேசியார் உபகாரசாமியின் கைக்குப் போய்விட்டது.

படத்தில் மூன்று பேர். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், பாரசீகத்துத் துறைமுகத்தில் எடுத்தது. அமெரிக்கக் கப்பலிலிருந்து மூட்டை இறக்கி ரஷ்யாவுக்குப் போகிற லாரியில் ஏற்றிய பட்டாளக் கூலி சூசைமாணிக்கம் நடுவில். ஒரு பக்கம் அமெரிக்கத் தொப்பி, மறுபக்கம் நட்சத்திரம் வைத்த ரஷ்யத் தொப்பி. இருவர் கையும் அவன் தோளில். பெண்டாட்டி அன்னாள் செத்த பிறகு கல்கூடையைத் தவிர வேறெதுவும் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் குழியில் வேலை. பொழுது சாய்ந்தால் பேச ஆள் வேண்டும். அந்தப் படத்தின் கதையை ஆரம்பிப்பான். கடைசியில் ஒரு வேடிக்கை உண்டு. அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

அவனுக்குப் போக இரண்டே இடம். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குத் தினமும் அமெரிக்கப் பால்பவுடரைக் கரைத்து ஊற்றும் உபகாரசாமியிடம். மற்ற நாள் தீர்த்தகிரியின் செங்கொடிச் சங்கக் கொட்டகை. ஆளை அடிக்கிற மேஸ்திரியை இந்த இருவரும் சேர்ந்துதான் குழியைவிட்டு விரட்டினார்கள். மேஸ்திரி போன மறுவாரமே, குழியாட்கள் இனி யார் பேச்சைக் கேட்பது என்று இவர்களுக்குள் ஆரம்பித்தது. உபதேசியார் அமெரிக்கா என்றார். தீர்த்தகிரி ரஷ்யா என்றார். ஞாயிறு ரஷ்யாக்காரனையும் மற்ற நாள் அமெரிக்காக்காரனையும் உள்ளே மடித்து இத்தனை நாள் ஓட்டியிருந்தான்.

"நட்சத்திரத் தொப்பிக்காரனை எதுக்கு வெச்சிருக்கற? வேதத்துக்கே விரோதி. வெட்டி எறி," என்றார் உபகாரசாமி.

"அதுல ஒரு சமாசாரம் இருக்குதுங்க. படம் புடிக்கறப்ப..."

"தொப்பியப் பாத்தாலே தெரியுது. இன்னும் என்ன சமாசாரம்?"

வெட்டினான். எறிய மனசு வரவில்லை. தீர்த்தகிரியிடம் கொடுத்தான். ரஷ்யாக்காரன் பூமியைச் சுற்றிவர வானத்தில் உருண்டை விட்டிருந்த சமயம். தீர்த்தகிரி துண்டைச் சிவப்புத் தாளில் ஒட்டிச் சுவரில் ஏற்றினார். சூசைமாணிக்கத்துக்கு முதல் முறையாகப் பாய் விரித்தார். அதில் இரண்டு நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் மிச்சப் படம் அவர் கண்ணில் பட்டது.

"தோள்ல முதலாளி கைய வெச்சுக்கிட்டு எங்கூடக் குந்துவியா?"

"அவன் முதலாளி இல்லீங்க. அந்தத் தொப்பி..."

"தொப்பியப் பத்தி எனக்குச் சொல்லித்தாரயா?"

அதையும் வெட்டினான். அதையும் எறிய மனசு வராமல் உபகாரசாமியிடம் கொடுத்தான். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து பால்டின்களுக்கு மேலே ஏறியது. பிள்ளைகள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பால் வாங்க வேண்டும் என்று உத்தரவு.

எதிராளிக்குப் படம் கொடுத்தது யார் என்று இரண்டு பக்கமும் விசாரித்தார்கள். விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. கொட்டகையில் பாய் சுருட்டப்பட்டது. கோயிலில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் நகர்ந்தான். குழியில் கூடையைத் தூக்கிவிடக்கூட யாரும் குனியவில்லை. முழங்காலில் முட்டுக் கொடுத்துத் தானே தலைக்கு ஏற்றினான்.

கையில் நடுத்துண்டு மட்டும். அதில் அவன் தோள்மேல் ஆளில்லாத இரண்டு கைகள்.

குழியோரம் சாலம்மாளின் கூழ்க்கடை. வருஷக்கணக்காக மத்தியானக் கூழ் அங்கேதான். அவள் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவுவாள். அந்த முதுகிடம் எத்தனையோ தடவை கதை சொல்லியிருக்கிறான். அது ஒரு தடவையும் ஊம் கொட்டியதில்லை.

அன்று துண்டுப் படத்தைக் கூழ்க்கலயத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. சொல்ல எதுவும் இல்லை.

சத்தம் வராததால் சாலம்மாள் திரும்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்துப் பார்த்தாள். கோயில் இருந்த திசையைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏனுங்க, அப்ப புள்ளைங்க தெனமும் ரஷ்யாக்காரனுக்குத்தான் கும்பிடு போடுதுங்களா? படம் புடிக்கறப்ப வெளையாட்டுக்கு ரெண்டு பேரும் தொப்பிய மாத்திப் போட்டுக்கிட்டாங்கன்னுதானுங்களே நீங்க சொல்லுவீங்க."