நான் அழவில்லை, அது சுக்கு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு நான் சுக்கு உரைக்க உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று வயதில், படித்த மனிதன் ஒருவன் செய்யக்கூடாத காரியம் அது.

மனைவி காலமானபின் பிலிமத்தலாவை வீட்டில் நானும் மகள் சுதாவும்தான். அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் போய் ஒரு வாரம். முன்பு எனக்கு வந்த ஒரு காய்ச்சலுக்காக, கையில் இருந்த வேலையையே விட்டவள். இந்த முறை புறப்படும்போது என் தலைவலி மாத்திரைகளைக் குப்பையில் கொட்டி, "இனி ஒண்ணு முழுங்கினாலும் நான் திரும்பி வந்துருவேன்" என்றாள்.

அவள் போன மறுநாளே தலைவலி வந்தது, பிறகு விடவேயில்லை. (வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாவிட்டாலும் தலை வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

நான்கு மணிக்கு வீடியோவில் அழைப்பாள். அதற்குள் முகம் தெளிய வேண்டும். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்தேன். சுக்கை அம்மியில் உரைத்து நெற்றி முழுக்க அப்பி, மேலே ஈரத் துவாயைக் கட்டினேன். காலையில் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் அரைத்ததும் அதே அம்மிதான். கழுவியிருக்கவில்லை. (ஒரு வாரமாக இந்த வீட்டில் எதுவும் கழுவப்படவில்லை.)

துவாயின் ஈரம் மிளகாயைக் கண்ணுக்குள் இறக்கிய நேரம் பார்த்து போன் அடித்தது. தடவித் தடவி எடுத்தேன்.

"அப்பா! ஏன் அழுறீங்க?"

"அழல புள்ள. சுக்கு."

"சுக்கையா கண்ணுல போட்டீங்க?"

எழப் பார்த்தேன். வாளி கவிழ்ந்தது, நானும் கவிழ்ந்தேன். போனுக்குக் கூரை மட்டும் தெரிந்தது. "அப்பா! அப்பா!" என்ற கத்தலோடு இணைப்பு அறுந்தது.

எரிச்சல் பத்து நிமிடத்தில் நின்றது. கண்ணீர் நிற்கவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி அழைத்து என்ன சொல்வது? அவளுடைய இந்த வேலையையும் நானே கெடுத்துவிட்டேன்.

இன்றும் போனில் நான் மூக்கை உறிஞ்சினால், "சுக்கா, அழுகையா?" என்பாள். அவள் மாப்பிள்ளையும் இப்போது கேட்கப் பழகிவிட்டார். இரண்டுக்கும் நான் "சுக்கு" என்றே சொல்கிறேன்.

அன்று இரவு எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஒற்றைப் பையுடன் சுதா. என் சிவந்த முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு முதல் பஸ்ல வேலைக்குப் போயிருவேன், பயப்படாதீங்க. அதுவரைக்கும் ஒக்காந்து அழலாம். எனக்கும் அங்க ஒருத்தரையும் தெரியாது, அப்பா."