ஏணிக்காரர் கையெழுத்திட்ட மனு

முதலில் தப்பு செய்தவர் பாதைப் பிரிவு ஓவர்சியர். தன் மனைவி செய்தது இரண்டாவது. இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் பெயிண்டர் கண்டிப்பாக இருந்தார். அறுபத்துமூன்று வயதில் ஒரு மனிதன் வேறு எதில்தான் கண்டிப்பாக இருக்க முடியும்? வீட்டில் அவர் சொல்லுக்குள்ள மதிப்பு சுண்ணாம்பு மாதிரி. அடித்த அன்று பளிச்சென்று இருக்கும். யாராவது சாய்ந்தால் அவர்கள் முதுகோடு போய்விடும்.

வாய்க்காலை ஒட்டி ஒரு பாதை. நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொது. இருபது வருஷமாகப் பெயிண்டர் அதில்தான் வேலைக்குப் போனார். சைக்கிளின் பக்கவாட்டில் பதினோரு அடி ஏணி, ஹாண்டில்பாரில் இரண்டு வாளி. போன மாதம் ஓவர்சியர் அந்தப் பாதைக்குக் குறுக்கே இரண்டு இரும்புத் தடுப்புகளை நட்டுவிட்டார். இடப்பக்கம் ஒன்று, நாலடி தள்ளி வலப்பக்கம் ஒன்று. நடுவில் பாம்பு மாதிரி நெளிந்துதான் வெளியே வரவேண்டும்.

மோட்டார் சைக்கிள் வரக்கூடாது என்று வைத்ததாம். மோட்டார் சைக்கிள்காரர்கள் பக்கத்துப் புல்லில் இறங்கி, ஒரு குலுக்குக் குலுங்கி, பாட்டுக் கேட்டுக்கொண்டே போனார்கள். மற்றவர்கள்தான் மாட்டினார்கள். தபால்காரருக்கு விரல் முட்டியில் தோல் போனது. இரட்டைக் குழந்தைக்காரி ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி, தள்ளுவண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிள்ளைகளை மறுபடி ஏற்றி, இரண்டும் இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிக்கொண்டு போனாள்.

இதையெல்லாம்கூடப் பெயிண்டர் பொறுத்திருப்பார். அந்தக் கம்பிக்கு அடித்திருந்த நிறத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வெறும் சாம்பல் பிரைமர், அடிப்பூச்சு. மேல் கோட்டே இல்லை. ஒரு நாள் காலைப் பனியில் பனியும் சாம்பல், கம்பியும் சாம்பல். முதல் தடுப்பைச் சைக்கிள் தாண்டியது. ஏணி தாண்டவில்லை. பாம்பும் இருந்தது, ஏணியும் இருந்தது. அவர் மட்டும் இறங்கினார், முழங்கால் முதலில், முகவாய் பிறகு.

கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த ஓவர்சியர் ஓடி வந்தார். நேராகத் தடுப்பிடம் போனார். குழந்தையைத் தடவுவதுபோல் அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, கம்பிக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

பெயிண்டர் சைக்கிளுக்கு அடியில் கிடந்தார். மேலே வெள்ளை பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் ஒரு முடிவெடுத்தார். இந்த மனிதன் தன் வீட்டு வாசலுக்கு வந்து மன்னிப்பு கேட்கவேண்டும். அதுவரை ஓயப்போவதில்லை. ஓய்வெடுக்க ஆசைதான். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்தாள்.

"எங்க விழுந்தீங்க?"

"விழல. விழ வெச்சான்."

"ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நீயுமா? ஒரு பேப்பரை எடு. மனு எழுதணும்."

மனுவை மனைவிதான் எழுதவேண்டும். பெயிண்டர் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. அன்றைக்கும் தூறல்தான்.

அவள் பேப்பரோடு வந்து உட்கார்ந்தாள். பேனாவை மட்டும் திறக்கவில்லை.

"அந்தப் பாதையில நானும்தான் தினம் நடக்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. நீங்க திரும்பும்போது உங்க ஏணியோட பின்பக்கம் எப்படிச் சுழலுது தெரியுமா? ரெண்டு தடவை வாய்க்கால்ல இறங்கிட்டேன்."

"மணி அடிக்கிறேன் இல்ல?"

"மணி முன்னாடி இருக்கு. ஏணி பின்னாடி வருது."

"இத எங்கிட்ட எப்ப சொன்ன?"

"ரெண்டு தடவையும் ஈரப் புடவையோடதான் வந்து சொன்னேன். மழையான்னு கேட்டீங்க."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். இது என் மனு. என் கஷ்டத்தை எழுது."

"சொல்லுங்க."

பெயிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏணி கொண்டு போகிறவனுக்கு இந்தத் தடுப்பால் ஆபத்து. தடுப்பை அகற்ற வேண்டும். ஓவர்சியர் மன்னிப்பு கேட்க வேண்டும். அவ்வளவுதான்."

மனைவி எழுதினாள். பக்கத்தைத் திருப்பியும் எழுதினாள்.

"நான் மூணு வரிதானே சொன்னேன்?"

"ஆபீஸ் மனுன்னா மரியாதைக்கே அரைப் பக்கம் போயிடும்."

அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. பேப்பரை வாங்கி, ஜன்னல் ஓரம் போய், விரல் வைத்துப் படித்தார். அவர் படிக்கும் விதமே தனி. ஒரு வார்த்தையின் தலை தெரிந்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். வால் வரைக்கும் போகிற பொறுமை கிடையாது. ஏணி இருந்தது. ஆபத்து இருந்தது. தடுப்பு இருந்தது, அகற்ற இருந்தது, ஓவர்சியர் இருந்தார், மன்னிப்பும் இருந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதத் தெரிந்து எழுதுவது அது ஒன்றைத்தான் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் லாரி போகிற சாலையில் சுற்றிப் போனார். நடுவில் ஒரு மேம்பாலம். ஏற்றத்தில் சைக்கிளையும் ஏணியையும் வாளியையும் தள்ளிக்கொண்டு போகும்போது, ஏணியில் ஏறுவதற்குச் சம்பளம் உண்டு, ஏணியை ஏற்றுவதற்கு யார் தருவார்கள் என்று நினைத்துக்கொள்வார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு ஹாரனையும் ஓவர்சியர் பேரில் எழுதிவைத்துக்கொண்டார்.

நாலாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்சியர் வாசலில் வந்து நின்றார். கையில் மனு.

பெயிண்டர் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டி, முழங்கால் காயம் தெரிகிற மாதிரி வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். மனைவி நாற்காலி போட்டாள்.

"பெரியவரே, உங்க மனு மேல வரைக்கும் போச்சு. தடுப்பு ரெண்டையும் நாளைக்கே பிடுங்குறோம்" என்றார் ஓவர்சியர்.

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்க்க அவருக்கு வாய்த்ததில்லை.

"நடுவுல ஒரே ஒரு மஞ்சக் கம்பம். ராத்திரியிலயும் தெரியும். தள்ளுவண்டி, சைக்கிள், சக்கர நாற்காலி, எல்லாம் தாராளமா போகலாம்."

"ஏணி?"

"அதைத்தான் நீங்களே எழுதிட்டீங்களே." ஓவர்சியர் மனுவைப் பிரித்துப் படித்தார். "'ஏணி கொண்டு போகிறவனால் இந்தப் பாதையில் ஆபத்து. அவனைத் தடுத்தால் தடுப்பை அகற்றலாம்.' அருமையான யோசனை. ஏணி கட்டின சைக்கிள் உள்ளே வரக்கூடாதுன்னு பலகை தயார். அந்தப் பாதையில ஏணி கட்டின சைக்கிளே ஒண்ணுதான். தன் பேர்லயே புகார் குடுத்த மனுஷனை நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து பார்த்ததில்ல."

பெயிண்டர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"போகிறவனாலயா? நான் போகிறவனுக்குன்னு இல்ல சொன்னேன்?"

மனைவி டீயை நீட்டினாள்.

"வார்த்தை எல்லாம் உங்களோடதுதாங்க. வால் மட்டும்தான் என்னோடது. பின்னாடி வர்றதை நீங்க என்னைக்குப் பார்த்தீங்க?"

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"ஏணியை வேலை முடியிற வரைக்கும் அந்த வீட்டுலயே வெச்சிட்டு வாங்க. எல்லா பெயிண்டரும் அப்படித்தான் செய்யறாங்க. நீங்கதான் அதை மாப்பிள்ளை மாதிரி தினம் கூட்டிட்டு வர்றீங்க."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கும்போது பதில் சொல்லுவது பெயிண்டருக்கு எப்போதுமே சிரமம். அவர் டீயைக் குடித்தார். பாதை போனது. போகட்டும். ஏணி போனது. அதுவும் போகட்டும். ஆள் வாசலுக்கு வந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அது வந்துவிட்டால் செத்தாலும் கவலையில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார், குரலைத் தாழ்த்தி. "கடைசியில மன்னிப்புன்னு ஒரு விஷயம் எழுதியிருந்ததே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஓவர்சியர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து பெயிண்டரின் தோளில் கை வைத்தார். அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது.

"அதையும் படிச்சேன் பெரியவரே. அன்னைக்குக் கம்பியில வந்து இடிச்சதுக்கு நீங்க எங்கிட்ட அவ்வளவு உருக்கமா மன்னிப்பு கேட்டிருக்கவே வேண்டாம். விடுங்க. மன்னிச்சாச்சு."